எட்டா, ஏழா? உயர்நிலைப் பள்ளிக்குக் கால அட்டவணை போடும்முன் போட வேண்டிய கணக்கு

பள்ளி திறக்கும் வாரத்தில் ஆசிரியர் கூட்டத்தில் டைம்டேபிள் பேச்சு எடுத்ததும் கட்சி பிரிந்துவிடும். "நாற்பது நிமிஷத்துல என்ன சார் நடத்துறது, நாற்பத்தஞ்சு ஆக்குங்க, ஏழு பீரியட் போதும்" என்பது ஒரு கட்சி. எட்டு இருந்தால்தான் எல்லாப் பாடத்துக்கும் பங்கு கிடைக்கும் என்பது எதிர்க்கட்சி. அறிவியல் ஆசிரியர் செய்முறைக்கு இரண்டு பீரியட் சேர்த்துக் கேட்பார். புதிதாக வந்த ஒருவர், கல்லூரியில் இருப்பதுபோல, கிழமை பார்க்காமல் முதல் நாள், இரண்டாம் நாள் என்று சுழலும் டே ஆர்டர் வைத்தால் என்ன என்பார். நான்கு யோசனைக்கும் நியாயம் உண்டு. ஆனால் பேசுகிற யாரும் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள்.

கணக்குக்கு ஒரு பள்ளி வேண்டும். தமிழ்நாட்டில் சாதாரணமாகப் பார்க்கிற அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 6 முதல் 10 வரை, வகுப்புக்கு இரண்டு பிரிவு, ஆக 10 பிரிவுகள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் நான்குக்கும் மும்மூன்று பேர், சமூக அறிவியலுக்கு இரண்டு பேர், மொத்தம் 14 பட்டதாரி ஆசிரியர்கள். ஒரு உடற்கல்வி ஆசிரியர். ஓவியத்துக்கு வாரம் மூன்று அரைநாள் வரும் பகுதிநேர ஆசிரியர். ஒரே ஓர் ஆய்வகம், கணினிக்கு ஒரு ஹைடெக் லேப். வாரம் ஐந்து நாள்.

இந்தப் பள்ளிக்கு எங்கள் பரிந்துரை: எட்டு பாடவேளை இருக்கட்டும், 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டும் அதற்குள்ளேயே சில பீரியட்களை இணையுங்கள். டே ஆர்டர் வேண்டாம். ஏழு பாடவேளை கெட்டதில்லை. ஆனால் அதைக் கேட்பவர்கள் சொல்லும் காரணம் தவறு, அதற்கு உண்மையிலேயே இருக்கும் நன்மை வேறு.

ஐந்து நிமிடம் எங்கே போகிறது

இரண்டையும் ஒரே நாளில் வைத்துப் பாருங்கள். காலை 9.20க்கு வழிபாட்டுக் கூட்டம், 9.35க்கு முதல் பீரியட் என்று கொள்வோம்.

எட்டு × 40: 9.35–10.15, 10.15–10.55, இடைவேளை 10 நிமிடம், 11.05–11.45, 11.45–12.25, மதிய உணவு 50 நிமிடம், 1.15–1.55, 1.55–2.35, இடைவேளை 10 நிமிடம், 2.45–3.25, 3.25–4.05.

ஏழு × 45: 9.35–10.20, 10.20–11.05, இடைவேளை 10 நிமிடம், 11.15–12.00, 12.00–12.45, மதிய உணவு 50 நிமிடம், 1.35–2.20, 2.20–3.05, இடைவேளை 10 நிமிடம், 3.15–4.00.

மொத்தப் பாட நேரம் எட்டில் 320 நிமிடம், ஏழில் 315. இனி ஒவ்வொரு பெல்லுக்கும் வீணாவதைக் கழியுங்கள். முந்தைய வகுப்பிலிருந்து ஆசிரியர் நடந்து வர வேண்டும், கரும்பலகை துடைக்க வேண்டும், பிள்ளைகள் பழைய நோட்டை உள்ளே வைத்துப் புதியதை எடுக்க வேண்டும். இதற்கெல்லாம் ஐந்து நிமிடம் என்று வைத்தால் எட்டில் 35 × 8 = 280, ஏழில் 40 × 7 = 280. கறாராக ஒன்றே. நான்கு நிமிடம் என்று வைத்தாலும் 288க்கு 287. ஆகவே "நேரம் கூடக் கிடைக்கும்" என்ற வாதம் இங்கேயே முடிந்துவிட்டது.

சட்டப்படியும் இரண்டும் தேறும். கல்வி உரிமைச் சட்டம் 2009இன் அட்டவணை 6 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 220 வேலை நாளும் 1000 கற்பித்தல் மணி நேரமும் கேட்கிறது. அதாவது நாளுக்கு 273 நிமிடம். 320, 315 இரண்டுமே அதற்கு மேல்தான்.

அப்படியானால் மாறுவது என்ன? பங்கீடு மாறும். எட்டு பாடவேளையில் வாரத்துக்கு 40 பீரியட்: தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல் ஒவ்வொன்றுக்கும் 7, சமூக அறிவியலுக்கு 6, மீதி 6இல் உடற்கல்வி 2, ஓவியம், கணினி, நூலகம், நன்னெறி தலா 1. ஏழு பாடவேளையில் 35: நான்கு பாடங்களுக்குத் தலா 6, சமூக அறிவியலுக்கு 5, மற்றவைக்கு அதே 6. நிமிடமாக்கினால் கணிதம் வாரத்துக்கு 280இலிருந்து 270 ஆகிறது, சமூக அறிவியல் 240இலிருந்து 225. உடற்கல்வி முதலான மற்றவை 240இலிருந்து 270 ஆகக் கூடுகின்றன. ஏழு பீரியட் கேட்டுக் கொடி பிடிக்கிற கணித ஆசிரியருக்கு இதைக் காட்டுங்கள், அவரே கொடியை மடக்கிவிடுவார். பிள்ளைகளுக்கு விளையாட்டு நேரம் கூடட்டும் என்று வெளிப்படையாகச் சொல்லி ஏழுக்குப் போனால் அது நேர்மையான காரணம்.

ஏழில் நிஜமாகவே லாபம் பெறுகிறவர் சமூக அறிவியல் ஆசிரியர். இரண்டு பேருக்குப் பத்துப் பிரிவு. எட்டில் ஒருவருக்கு வாரம் 30 பீரியட், ஏழில் 25. பள்ளியிலேயே அதிகச் சுமை அவருக்குத்தான். ஒருவர் விடுப்பில் போனாலும் கணக்கு மாறும். கணித ஆசிரியர் ஒருவர் வராத நாளில் எட்டில் பெரும்பாலும் ஐந்து வகுப்புகளுக்கு மாற்று ஆள் போட வேண்டும், ஏழில் நான்கு. தினமும் காலையில் சப்ஸ்டிடியூஷன் நோட்டு எழுதுகிற உதவித் தலைமை ஆசிரியருக்கு இந்த ஒன்று பெரிய நிம்மதி.

ஏழு எங்கே இடறுகிறது

பகுதிநேர ஆசிரியரிடம். 2012இல் உடற்கல்வி, ஓவியம், கணினி, இசை, தையல் போன்றவற்றுக்கு நியமிக்கப்பட்டவர்கள் வாரம் மூன்று அரைநாள் என்ற கணக்கில் வந்தவர்கள். எட்டு பாடவேளையில் அரைநாள் என்றால் காலையோ மாலையோ நான்கு பீரியட். மூன்று அரைநாளில் 12 இடம், பத்துப் பிரிவுக்கும் தலா ஒன்று போட்டு இரண்டு மிச்சம். ஏழு பாடவேளை 4 + 3 என்று பிரியும். அவர் மதியம் வருகிறவராக இருந்தால் 9 இடம்தான். பத்தாவது பிரிவுக்கு ஓவியம் இல்லை. அது பெரும்பாலும் 10-ஆ பிரிவாகத்தான் இருக்கும், "எப்படியும் பப்ளிக் எக்ஸாம் இருக்கே" என்ற சமாதானத்தோடு.

மதிய உணவும் 20 நிமிடம் தள்ளிப் போகிறது. கேட்க அற்பமாக இருக்கும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 5ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை 8 மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்கக் கிடைத்ததைத் தின்றுவிட்டு வருகிறது. 12.25க்கே சத்துணவு வாசனைக்குத் திரும்பும் தலைகளை 12.45 வரை பிடித்து வைக்கிற பீரியட் யாருடையதோ, அவர் பாவம். ஏழுக்குப் போவதாக இருந்தால் வழிபாட்டுக் கூட்டத்தைச் சுருக்கி எல்லாவற்றையும் ஐந்து பத்து நிமிடம் முன்னுக்கு இழுக்க முடியுமா என்று பாருங்கள்.

பிள்ளைகள் தண்ணீர் குடிக்க நினைவூட்டி அடிக்கும் தண்ணீர் மணியையும் கவனியுங்கள். 11, 1, 3 மணிக்கு அடிப்பதாக வைத்தால் எட்டு பாடவேளையில் 11 மணி இடைவேளைக்குள், 1 மணி உணவுக்குள் விழும். 3 மணி மட்டும் ஏழாவது பீரியட்டின் நடுவில். ஏழு பாடவேளையில் 11ம் 3ம் பீரியட்டின் கடைசி ஐந்து நிமிடத்தை உடைக்கும். பாட்டிலை மூடிப் பையில் வைப்பதற்குள் அடுத்த பெல். மேலே போட்ட 40 நிமிடம் அந்த இரண்டு வேளையும் 35தான்.

ஏழு பாடவேளை நன்றாக ஓடுவது மேல்நிலை வகுப்புகள் மட்டும் தனியாக இயங்கும் இடத்திலும், பகுதிநேர ஆசிரியரை நம்பியிராத, ஆள் நிறைந்த பள்ளியிலும்தான். 11, 12இல் இரண்டு மொழி, நான்கு பாடம் என்று ஆறோடு முடிவதால் 35ஐப் பங்கு போடுவது எளிது.

இணைத்த பீரியட்: செலவில்லாத வரவு

வாரத்துக்கு 7 பீரியட் உள்ள பாடம் ஐந்து நாளில் பரவும்போது ஏதோ இரண்டு நாள் இரண்டு தடவை வந்தே தீரும். சாதாரணமாக அந்த இரண்டும் ஒன்று காலை, ஒன்று மாலை என்று சிதறிக் கிடக்கும். அதில் ஒரு நாளின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டால் 80 நிமிடம் கிடைக்கிறது. யாருடைய பங்கும் குறைவதில்லை, ஆசிரியர் பளுவும் கூடுவதில்லை. இவ்வளவு எளிதானதைப் பல பள்ளிகள் செய்யாததற்குக் காரணம், அட்டவணையை எல்லாப் பாடத்தையும் தூவி முடித்த பிறகு இணைக்கப் பார்ப்பதுதான். அப்போது இடம் இருக்காது. முதலில் வைக்க வேண்டியது இது.

பத்தாம் வகுப்பு அறிவியலில் செய்முறைக்கு 25 மதிப்பெண். குவிலென்சின் குவியத் தொலைவு காண்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தி, லென்ஸ், திரை மூன்றையும் ஒரே உயரத்தில் நிறுத்தவே முதல் தடவை செய்யும் பையனுக்குக் கால் மணி நேரம். பொருளின் தூரத்தை மாற்றி மாற்றித் திரையில் தெளிவான பிம்பம் பிடித்து நான்கைந்து அளவீடு எடுக்க வேண்டும், பிறகு அட்டவணை, சராசரி. ஆறேழு பேருக்கு ஒரு லென்ஸ் என்றால் 40 நிமிடத்தில் இரண்டு பேர் கை வைத்திருப்பார்கள், மற்றவர்கள் ரெக்கார்டு நோட்டில் அவர்களைப் பார்த்து எழுதியிருப்பார்கள்.

ஒளிச்சேர்க்கைக்கான சோதனைக்குழாய்–புனல் ஆய்வுக்கு நேரத்தோடு வெயிலும் வேண்டும். ஹைட்ரில்லாவை முகவையில் போட்டுப் புனலைக் கவிழ்த்து, நீர் நிரம்பிய சோதனைக்குழாயை அதன்மேல் தலைகீழாக நிறுத்தி வெயிலில் வைத்தால்தான் குமிழ் வரும். இதைக் கடைசி இரண்டு பீரியட்டில், அதுவும் ஐப்பசி மழையில் போட்டுவிட்டு "ஒண்ணும் வரல சார்" என்றால் குற்றம் செடியின் மேல் இல்லை. ஆய்வக ஜோடி 3–4 அல்லது 5–6ஆவது பீரியட்களாகத்தான் இருக்க வேண்டும். ஜோடி இடைவேளையைத் தாண்டவும் கூடாது. 2–3 என்று வைத்தால் நடுவில் 10 நிமிட பெல்லுக்கு அரைகுறை ஆய்வை விட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓடுவார்கள்.

9-அ, 9-ஆ, 10-அ, 10-ஆ நான்கு பிரிவுக்கும் வாரம் ஒரு ஜோடி. ஒரே ஆய்வகம் என்பதால் மோதக் கூடாது. செவ்வாய், புதன், வியாழன் 3–4இல் மூன்று பிரிவு, புதன் 5–6இல் நான்காவது. திங்கள், வெள்ளியைத் தவிர்ப்பது வேண்டுமென்றேதான். நீண்ட விடுமுறைக்காக விடுப்புகள் ஒட்டுவது அந்த இரண்டு நாளில்தான்.

கணிதத்திலும் 10ஆம் வகுப்புக்கு ஒரு ஜோடி வையுங்கள். பொதுத் தேர்வில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8. வட்டத்துக்குத் தொடுகோடு வரைவதைப் பலகையில் காட்டி, பிள்ளைகள் தாமே வரைந்து, காம்பஸ் வழுக்கிய பத்துப் பேரைத் திருத்தி முடிக்க 40 நிமிடம் போதாது. 6 முதல் 8 வரை இணைக்காதீர்கள். ஐம்பதாவது நிமிடத்தில் அங்கே பாடம் நடப்பதில்லை, அமைதிப்படுத்தல்தான் நடக்கும். சமூக அறிவியலுக்கும் மொழிப்பாடத்துக்கும் ஜோடி கேட்டால் கட்டுரை எழுத வைக்கும் நாளுக்கு மட்டும் என்று கேட்டு வாங்குங்கள். நேரம் கிடைத்தால் டிக்டேஷனிலேயே கழிகிற ஜோடிகளும் உண்டு.

டே ஆர்டர்

கிழமையை மறந்துவிட்டு முதல் நாள், இரண்டாம் நாள் என்று ஆறு நாள் சுழற்சி. விடுமுறை வந்தால் வரிசை நின்று, பள்ளி திறக்கும் நாள் விட்ட இடத்திலிருந்து தொடரும். வாரம் ஒரே பீரியட் உள்ள பாடம் திங்களில் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் நடக்காமல் போகிற கொடுமை இதில் இல்லை. அந்த வகையில் நல்ல ஏற்பாடு.

உயர்நிலைப் பள்ளிக்கு ஒத்துவராததற்குக் காரணங்கள் உண்டு. பகுதிநேர ஆசிரியர் கிழமை பார்த்துத்தான் வருவார், மூன்றாம் நாள் ஆர்டர் பார்த்து வர மாட்டார். இஸ்லாமியப் பிள்ளைகள் நிறைய உள்ள ஊரில் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு உணவு இடைவேளையை நகர்த்த வேண்டும், அதுவும் கிழமைதான். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு நாளை எந்த ஆர்டர் என்று தெரியாமல் எல்லாப் புத்தகத்தையும் சுமந்து வரும், வீட்டில் கேட்டாலும் யாருக்கும் தெரியாது. மேலும் மழை விடுமுறையை ஈடுகட்டச் சனிக்கிழமை வைக்கும்போது "திங்கட்கிழமைப் பாடவேளையைப் பின்பற்றவும்" என்று அறிவித்துவிட்டால் டே ஆர்டர் செய்கிற வேலை அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒற்றைப் பீரியட் பாடங்களைத் திங்களுக்கும் வெள்ளிக்கும் தள்ளாமல் இருந்தால் மீதியும் முடிந்தது.

எட்டு என்று முடிவானால், எதை முதலில் வைப்பது

கடினமானதை முதலில், எங்கும் பொருந்துவதைக் கடைசியில். உடற்கல்வி, ஆய்வக ஜோடிகள், கணித ஜோடி, பகுதிநேர ஆசிரியரின் பத்து, ஹைடெக் லேப், பிறகு சமூக அறிவியல் (இருவர்தான் என்பதால்), அப்புறம்தான் மற்ற நான்கு பாடங்கள். நூலகமும் நன்னெறியும் வகுப்பாசிரியரிடம் போகும், ஆதலால் கடைசி ஓட்டைகளை அடைக்க அவையே.

உடற்கல்வி ஆசிரியர் ஒருவர், பிரிவு பத்து, தலா இரண்டு என்றால் 20 பீரியட். அ, ஆ பிரிவுகளைச் சேர்த்து விட்டால் 10. ஐந்து நாளின் 7, 8ஆவது பீரியட்களை எண்ணிப் பாருங்கள், கச்சிதமாகப் பத்து. மதிய வெயில் சாய்ந்த பிறகுதான் எல்லா வகுப்பும் மைதானத்துக்கு வரும், ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு நாள் ஏழாவது, இன்னொரு நாள் எட்டாவது. இந்த அழகில் ஓர் ஓட்டை: குறுவட்டப் போட்டிக்கு அவர் அணியை அழைத்துப் போகும் நாளில் ஒரே நேரத்தில் இரண்டு பிரிவு ஆளில்லாமல் நிற்கும். அந்த நேரத்தில் ஓய்வில் இருக்கும் இரண்டு பேரின் பெயரை அட்டவணை போடும்போதே ஓரத்தில் குறித்துவிடுங்கள். பத்தாம் வகுப்பின் பி.டி. பீரியட்டைச் 'சும்மா இன்னிக்கு மட்டும்' என்று கணிதத்துக்குக் கடன் கேட்பவர்களுக்கு, அவருடைய பீரியட் ஒன்றைப் பதிலுக்கு எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். கேட்பது தானாகக் குறையும்.

முதல் பீரியட் தனிச் சிக்கல். வருகைப் பதிவுக்காக வகுப்பாசிரியரையே ஐந்து நாளும் முதல் பீரியட்டில் போடுவது வழக்கம். செல்போன் செயலியில் வருகை ஏற்றுவது, தாமதமாக வரும் பஸ் பிள்ளைகள், கட்டணம், சான்றிதழ், கையெழுத்து என்று முதல் பத்து நிமிடம் போகும். வாரத்துக்கு 50 நிமிடம் ஒரே பாடத்தில் வெட்டு, அதாவது கணித ஆசிரியர் வகுப்பாசிரியராக உள்ள பிரிவில் வாரம் ஒரு கணிதப் பீரியட்டுக்கு மேல் காணாமல் போகிறது. மூன்று நாள் மட்டும் அவருக்கு முதல் பீரியட் கொடுங்கள். மற்ற இரண்டு நாளில் வழிபாட்டு வரிசையிலேயே எண்ணி முடித்துவிடலாம்.

மோதல் பார்க்க எக்செல் போதும். ஒரு தாளில் பிரிவுகள் வரிசையாக, 40 பீரியட்கள் நிரலாக. கட்டத்தில் ஆசிரியரின் குறியீடு. கீழே ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி போட்டு, அந்த நிரலில் அவர் குறியீடு எத்தனை தடவை வருகிறது என்று கவுன்ட்இஃப் சூத்திரத்தால் எண்ணச் சொல்லுங்கள். ஒன்றுக்கு மேல் வந்தால் கட்டம் சிவப்பாகட்டும். உடற்கல்விக்கு மட்டும் 2 வரும், அது சரி. எஃப்.இ.டி. என்ற இலவச மென்பொருள் தானாகவே போட்டுத் தரும். ஆனால் ஆய்வகம், பகுதிநேரம், இணைப்பு எல்லாவற்றையும் கட்டுப்பாடாக உள்ளிட ஒரு முழு நாள் ஆகும். பத்துப் பிரிவுக்குக் கையால் போடுவதும் அதே ஒரு நாள்தான். இருபது பிரிவைத் தாண்டினால் மென்பொருளுக்கு மாறுங்கள்.

மூன்று பீரியட்டுக்கு மேல் யாருக்கும் தொடர்ச்சியாகப் போகக் கூடாது என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். பார்க்காமல் விடுவது நடை. இரண்டாம் மாடியில் 10-அ முடித்து மைதானத்துக்கு அப்பாலுள்ள பழைய ஓட்டுக் கட்டடத்தில் 6-ஆவுக்கு வர ஆறு நிமிடம் ஆகும். இடையே இடைவேளை விழும்படி அந்த இரண்டு வகுப்பையும் 2–3 அல்லது 6–7ஆக வைத்தால் அந்த ஆறு நிமிடம் யார் கணக்கிலும் விழாது.

குறியீட்டில் ஆள் பெயர் எழுதாதீர்கள். 'கணிதம்-1', 'கணிதம்-2' என்று பணியிடத்தை எழுதுங்கள். மாறுதல் கலந்தாய்வில் யார் போவார், யார் வருவார் என்று இப்போது தெரியாது. பெயர் எழுதிய அட்டவணையை அப்போது முழுதாகக் கலைக்க வேண்டிவரும், பணியிடம் எழுதியதில் கீழே உள்ள ஒரு வரியை மட்டும் மாற்றினால் போதும். முதல் இரண்டு வாரம் பென்சிலில் ஓடவிடுங்கள். ஒவ்வொரு பெல்லுக்கும் ஐந்து நிமிடம் கழித்து வராந்தாவில் ஒரு நடை நடந்து, ஆசிரியர் வராத வகுப்பு எது என்று மட்டும் குறியுங்கள். ஒரே வகுப்பு ஒரே பீரியட்டில் மூன்று நாள் சிக்கினால் ஆசிரியரைக் கூப்பிடும்முன் அவருடைய முந்தைய பீரியட் எந்தக் கட்டடத்தில் என்று பாருங்கள்.